“பிள்ளைதான் நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இன்னும் என்ன?”

கேள்வி: எனக்கு வயது 26. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். முதல் குழந்தை பிறந்து 8 மாதம் ஆகிறது. பையன் நன்றாக இருக்கிறான். பிரச்சினை எனக்குத்தான். மாலையில் வலி கண்டு மருத்துவமனையில் சேர்ந்தேன். இரவு முழுக்க வலி. குளுக்கோஸில் மருந்து ஏற்றினார்கள்; அதற்குப் பிறகு தாங்கவே முடியவில்லை. அம்மாவை உள்ளே விடவில்லை. நான் கத்தியபோது அங்கிருந்த ஒருவர், “புருஷனோடு படுக்கும்போது இந்தச் சத்தம் வரவில்லையா?” என்று கேட்டார். விடியற்காலையில் திடீரென்று நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையை மறுநாள்தான் பார்த்தேன். இப்போதும் தள்ளுவண்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. தடுப்பூசி போடக் குழந்தையை மாமியாரிடம் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். “நான் ஐந்து பெற்றேன், களை வெட்டும்போது வலி வந்தது, யாரிடமும் சொல்லி அழவில்லை” என்கிறார் அவர். “இதெல்லாம் பிரசவ வைராக்கியம், ஒரு வருடத்தில் போய்விடும்” என்று கணவர் சிரிக்கிறார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தும் இப்படி நினைத்துக்கொண்டே இருப்பது நன்றிகெட்டத்தனமா? இது நோயா? அடுத்ததாவது சுகப்பிரசவம் ஆகுமா? முதுகில் போட்ட ஊசியால் வந்த இடுப்பு வலி ஆயுசுக்கும் இருக்குமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற அரசு மகப்பேறு மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

நன்றிகெட்டத்தனம் என்ற பேச்சை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். பிள்ளை நலமாக இருக்கிறான் என்பது பிள்ளையைப் பற்றிய செய்தி. அந்த இரவில் நேர்ந்தது உங்களைப் பற்றிய செய்தி. முதலாவது நல்ல செய்தி என்பதற்காக இரண்டாவது நடக்காமல் போய்விடாது. பிரசவம் முடிந்ததும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கட்டிலில் கிடக்கும் பச்சை உடம்புக்காரியிடம் “பால் வருகிறதா?” என்பதற்கு மேல் யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்க ஆள் இல்லாததால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை.

மறக்க முடியாமல் தவிப்பது நீங்கள் ஒருவர்தான் என்றும் எண்ண வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில்தான் என் பணிக்காலம் கழிந்தது. கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில், மகளுக்கோ மருமகளுக்கோ துணையாக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும். போன வாரம் வாங்கிய ரத்த அழுத்த மாத்திரையின் நிறம் அவர்களுக்கு நினைவிருக்காது. மூத்த பிள்ளை பிறந்த வருடம் கேட்டால் “ஏரி உடைத்துக்கொண்ட வருடம்” என்பார்கள். ஆனால் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது எந்த நாத்தனார், மருத்துவச்சியின் கையில் விளக்கெண்ணெயோடு புகையிலை வாசனையும் கலந்து வந்தது, பனிக்குடம் உடைந்த நேரத்தில் அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது, கிண்ட ஆளில்லாமல் அது அடிப்பிடித்தது, அதற்கு மாமியார் திட்டிய திட்டு எல்லாம் வரிசை பிசகாமல் வரும். சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துப் பெண்கள், தூளி கட்டித் தூக்கி வரப்பட்டபோது எந்தத் திருப்பத்தில் ஆட்கள் தோள் மாற்றினார்கள் என்பதுவரை சொல்வார்கள். “வலி எப்படி இருந்தது?” என்று கேட்டால் மட்டும், “அது கிடக்கட்டும்” என்று கையை வீசிவிடுவார்கள்.

இதை முறைப்படி ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரசவத் துணைப் பயிற்சியாளராக இருந்த பென்னி சிம்கின், 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன் பிரசவித்த பெண்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் சொல்லச் சொன்னார். பிரசவம் ஆன புதிதில் அவர்கள் எழுதிக் கொடுத்திருந்ததோடு அதை ஒப்பிட்டு 1991-ல் வெளியிட்டார். நினைவு பெரும்பாலும் பிசகவில்லை. மருத்துவரும் செவிலியரும் அன்று சொன்ன சொற்களைக் கூடப் பலர் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். கனடாவைச் சேர்ந்த எலன் ஹாட்நெட் 2002-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிரசவத்தை ஒரு பெண் நல்லதாக நினைப்பதையும் கெட்டதாக நினைப்பதையும் தீர்மானிப்பவற்றில் வலிக்கு நாம் எண்ணும் அளவுக்குப் பெரிய இடம் இல்லை என்று தெரிந்தது. என்ன எதிர்பார்த்துப் போனாள், பக்கத்தில் இருந்து தாங்கியவர்கள் உண்டா, பணியாளர்கள் எப்படி நடத்தினார்கள், முடிவெடுக்கும்போது அவளையும் ஒரு ஆளாகக் கேட்டார்களா என்பவைதான் முன்னால் நிற்கின்றன. உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வலியைப் பற்றி ஓரிரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அம்மாவை உள்ளே விடாதது, அந்த ஒருவர் கேட்டது, காரணம் சொல்லாதது, குழந்தையைக் காட்டாதது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. சுவீடனில் பிரசவித்த பெண்களை 5 ஆண்டுகள் வரை தொடர்ந்து விசாரித்த ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேர் ஆரம்பத்தில் சொன்னதைவிடக் குறைவான வலியையே பிற்பாடு நினைவுகூர்ந்தார்கள். மற்றவர்களில் பலருக்குக் குறையவே இல்லை, சிலருக்குக் கூடியும் இருந்தது. பிரசவமே மோசமான அனுபவம் என்று முதலில் சொன்னவர்களிடம் அந்த மழுங்கல் தெரியவில்லை. ஆகவே ஒரு வருடம் பொறுத்தால் தானாகப் போய்விடும் என்று உங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பிரசவ வைராக்கியத்தையும் மயான வைராக்கியத்தையும் ஒரே தட்டில் வைத்துச் சொலவடை கட்டியவர் பிள்ளை பெற்றவராக இருந்திருக்க மாட்டார் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அடுத்து, உங்களிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி. தமிழ்நாட்டில் எத்தனையோ பிரசவ அறைகளில் எத்தனையோ பெண்களின் காதில் அது விழுந்திருக்கிறது. உங்களுக்கென்று தனியாக உருவாக்கியதில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம். “அதட்டினால்தான் முக்குவார்கள்” என்று இதற்கு நியாயம் சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. மருத்துவப்படி அது தலைகீழான பேச்சு. பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது, வலி கூடுதலாக உறைக்கிறது, கருப்பையின் சுருக்கம் தடைப்படக்கூடும். பிரசவ நேரத்தில் பெண்களை இழிவுபடுத்துவது உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளிப்படையாக அறிவித்தது. நம் மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த லக்ஷ்யா திட்டம், பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பையும் தரத்தின் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறது. இரவுப் பணியில் ஒரே நேரத்தில் பல பேருக்கு வலி, பார்க்க ஆள் போதாது என்பதெல்லாம் உண்மைதான். ஆள் பற்றாக்குறையைக் காட்டித் தாமதத்துக்குச் சமாதானம் சொல்லலாம், ஆபாசத்துக்குச் சொல்ல முடியாது.

புகார் கொடுக்க விரும்பினால் அரசு மருத்துவமனை என்றால் அதன் கண்காணிப்பாளருக்கும், தனியார் என்றால் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் எழுத்தில் கொடுக்கலாம். விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். புகார் கொடுத்தால்தான் மனம் ஆறும் என்று உங்களைத் தூண்டிவிடுகிறவர்கள் யாரும் அலுவலக வராண்டாவில் உங்களோடு வந்து நிற்கப்போவதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது, “ஏன் என்று யாரும் சொல்லவில்லை” என்ற வரி. காரணம் தெரியாத இடத்தை மனம் விட்டு வைக்காது. ‘நான் சரியாக முக்கவில்லையோ, கத்தியதற்குத் தண்டனையோ, பணத்துக்காகச் செய்தார்களோ’ என்று செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மருந்து உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்திருப்பார்கள். தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்திருப்பீர்கள். அதை எடுங்கள். நடுவில் ‘எமர்ஜென்சி எல்எஸ்சிஎஸ்’ என்று எழுதியிருக்கும். அவசரமாக, அடிவயிற்றைக் கீறி, கருப்பையின் கீழ்ப்பகுதி வழியாகக் குழந்தையை எடுத்தார்கள் என்று பொருள். அதன் பக்கத்திலோ அடுத்த வரியிலோ காரணம் இருக்கும். ‘ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ்’ என்றிருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு தடுமாறியிருக்கிறது. அது நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். ‘மெக்கோனியம்’ என்றிருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்து, பனிக்குட நீர் பச்சையாகக் கலங்கியிருக்கிறது. ‘நான் ப்ரோக்ரஸ்’ என்றால் கருப்பைவாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டியது வழியிலேயே நின்றுவிட்டது. ‘சிபிடி’ என்றால் தலை இறங்க இடுப்பெலும்பின் வழி போதவில்லை. இதில் எந்தக் காரணமும் ஒரு பெண் கத்தியதால் வருவதில்லை, சரியாக முக்காததாலும் வருவதில்லை.

சீட்டில் ஒற்றை வரிதான் இருக்கிறது என்றால் முழு கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதில் பார்ட்டோகிராம் என்ற கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தால் அதுதான் அந்த இரவின் கணக்கு. எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர், 10 நிமிடத்தில் எத்தனை முறை வலி, குழந்தையின் துடிப்பு எவ்வளவு என்று புள்ளி புள்ளியாக வைத்திருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ, உங்களுக்குப் பிடித்த வேறு மகப்பேறு மருத்துவரிடமோ கொண்டுபோய், வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கூட்டம் குறைந்த மதிய நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

சீட்டைப் பார்க்காமல் நடந்தது இதுதான் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய வரிசையில் எனக்குப் புரிவது இது. குளுக்கோஸில் ஏற்றியது ஆக்ஸிடோசினாக இருக்கலாம். மந்தமான வலியைக் கூட்டும் மருந்து அது. ஏற்றிய பிறகு வலி தாங்கவில்லை என்று நீங்கள் சொன்னது மிகை இல்லை, மருந்தின் வேலையே அதுதான். விடியற்காலையில் துடிப்பு குறைந்திருக்கலாம். அப்போது ஓடித்தான் ஆக வேண்டும், அங்கே நிமிடங்கள் முக்கியம். பிறந்த பிறகு மூச்சு சீராகும்வரை பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பார்கள். அவர்கள் ஓடிய ஓட்டம் உங்கள் பிள்ளைக்காக இருக்கலாம். ஆனாலும் “குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே எடுக்க வேண்டும் அம்மா” என்று சொல்வதற்கு வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. தள்ளிக்கொண்டே சொல்லலாம். குழந்தை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதையும் ஒருவர் வந்து சொல்லியிருக்கலாம். எனவே ஓட்டத்துக்கு நன்றியும் மௌனத்துக்குக் கோபமும் உங்களுக்கு ஒருசேர இருக்கலாம், ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்றில்லை.

இனி உங்கள் மாமியார். ஐந்து பெற்று எழுந்து நடமாடுகிறவர்தான் இன்று வந்து பேச முடியும். முதல் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்த அவர் வயதுத் தோழி வந்து பேச முடியாது. இந்தியாவில் 1997-98-ல் 1 லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் ஏறத்தாழ 400 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் அது 54. “அந்தக் காலத்தில் எல்லோரும் சாதாரணமாகப் பெற்றோம்” என்ற பேச்சில் ‘எல்லோரும்’ கிடையாது.

நம் மாவட்டத்துப் பாட்டிமார்களின் பிரசவ நினைவில் வேறொரு பாரமும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் ஏன் விரிவுபடுத்தப்பட்டது என்பது ஊரறிந்த கதை. அன்று பிரசவித்தவளுக்கு இடுப்பு வலி ஓய்ந்த நொடியில் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது: என்ன குழந்தை? மருத்துவச்சி வாயைத் திறக்காமல் துணியில் சுற்றினால் விஷயம் விளங்கிவிடும். ஆண் என்றால் வாசலில் சத்தம் கேட்கும், பெண் என்றால் வாசல் காலியாகிவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீடுகளில் அடுத்த சில நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதைச் சில பெண்கள் என்னிடம் பாதி சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். மீதியை நான் கேட்டதில்லை. உங்கள் மாமியாருக்கு அப்படி நேர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘யாரிடமும் சொல்லி அழவில்லை’ என்பவர்களில் பலருக்குச் சொல்ல ஆள் இருந்திருக்காது, அழ இடம் இருந்திருக்காது. இன்று மருமகள் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டால் அவர்களுக்கு எரிச்சல் வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அவரோடு வாதாடாதீர்கள். இருவரும் புளி கொட்டை நீக்க உட்காரும் ஒரு மதியத்தில், “அத்தை, உங்களுக்கு முதல் பிரசவத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். வலித்ததா, கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்ற பழைய பதில்தான் வரும். யார் இருந்தார்கள் என்று கேட்டால் ஆள் வருவார், விளக்கு வரும், அடிப்பிடித்த களி வரும். அன்றே உங்கள் கதையையும் சொல்லியாக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். அந்த இரவு முழுக்கக் கதவுக்கு வெளியே நின்று உங்கள் சத்தத்தைக் கேட்டவர் அவர். அவரும் இந்த 8 மாதத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவமான முதல் 2 வாரங்களில் காரணமில்லாமல் கண் கலங்குவது பெரும்பாலானவர்களுக்கு வரும், போய்விடும். அதைத் தாண்டியும் சோர்வு, எதிலும் ஒட்டாமை, குழந்தை தூங்கும்போது கூடத் தனக்குத் தூக்கம் வராமை, ‘நான் நல்ல தாய் இல்லை’ என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் அது மனச்சோர்வு. நம் நாட்டில் பிரசவித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு இருப்பது கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. ஒரு சத்தம் கேட்டதும் உடம்பு அந்த இரவுக்கே போய்விடுவதும், மருத்துவமனைப் பக்கமே போகாமல் தவிர்ப்பதும் ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சியா என்று பார்க்க வேண்டும். நூற்றில் மூன்று நான்கு பேருக்கு வரக்கூடியது, குணப்படுத்தக்கூடியது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போக இப்போது மனம் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவம் தமிழிலும் இருக்கிறது, அதை வைத்து ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் பேசியே மனதை ஆற்றும் சிகிச்சைதான். மருந்து தேவைப்பட்டாலும் பால் கொடுக்கும்போது தரக்கூடியவை இருக்கின்றன. ஒரே நாளில் உட்கார வைத்து ‘முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லு’ என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். அப்படி ஒரே அமர்வில் கிளறுவதால் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. உங்களுக்கு எவ்வளவு சொல்லத் தோன்றுகிறதோ அவ்வளவு போதும்.

உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, இரவானாலும், வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. பிரசவமான முதல் சில வாரங்களில் ஒரு பெண் தூங்காமல், இல்லாத குரல் கேட்பதாகச் சொல்லி, சம்பந்தமில்லாமல் பேசினால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். அது 108-ஐ அழைக்க வேண்டிய அவசரம்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். பையனுக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி வருகிறது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டாம். உங்கள் பகுதித் துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ புதன்கிழமை போடுவார்கள். அங்கே தள்ளுவண்டி கிடையாது. மாமியாரோடு நீங்களும் போங்கள். நடுக்கம் வந்தால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அவரை உள்ளே அனுப்புங்கள், குற்றமில்லை. அடுத்த முறை வாசல் வரை, அதற்கடுத்த முறை உள்ளே. கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லி வைத்தால் கூட்டம் கலைந்த நேரம் பார்த்து வரச் சொல்வார்.

கணவருக்கு ஒரு வார்த்தை: சிரிக்காதீர்கள் தம்பி. டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துக் காட்டப் போகும் அன்று அரை நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மனைவியோடு போய் உட்காருங்கள். அந்த இரவில் கையெழுத்து வாங்கியபோது உங்களுக்கும் யாரும் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது சுகப்பிரசவம் ஆகுமா? ஆகலாம். ஒருமுறை ஆபரேஷன் என்றால் எப்போதும் ஆபரேஷன்தான் என்பது பழைய கணக்கு. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறிய தழும்பாக இருந்து, வேறு தடை இல்லாமல், தகுதி பார்த்து முயல்கிறவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பழைய தழும்பு பிரசவத்தின்போது விட்டுப்போகும் ஆபத்து சுமார் 200-ல் ஒருவருக்கு உண்டு. சின்ன எண்தான், ஆனால் நேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து. அதனால் இந்த முயற்சியை ஆபரேஷன் அறையும் ரத்தமும் மயக்க மருத்துவரும் எந்நேரமும் தயாராக இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் இதற்குப் போதாது. முதல் ஆபரேஷனின் காரணமும் கணக்கில் வரும். துடிப்பு தடுமாறியதால் செய்தது என்றால் அடுத்த முறைக்கு வாய்ப்பு நல்லது, தலை இறங்கவே இல்லை என்றால் கொஞ்சம் குறைவு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பையனுக்கு 2 வயது முடிந்த பிறகு அடுத்த கர்ப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை என்ன கருத்தடை என்பதைச் செவிலியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ‘மறுபடி அந்த அறை வேண்டாம், நாள் குறித்து ஆபரேஷனே செய்யுங்கள்’ என்று நீங்கள் கேட்டாலும் அது பேசத் தகுந்த விருப்பம்தான், கோழைத்தனம் இல்லை. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100-க்கு ஏறத்தாழ 45 ஆபரேஷன். அத்தனை பேரும் தாய்மார்களே.

எந்த வழியானாலும் 7-வது மாதத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள்? பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நீண்ட காலமாக உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் பிரசவிப்பவள் விரும்பும் துணை இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தொடர்ந்து ஒருவர் கூட இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, ஆபரேஷன் குறைகிறது, பின்னால் அந்த நாளைக் கசப்போடு நினைப்பவர்களும் குறைகிறார்கள். ஏட்டில் இருக்கும் விதிக்கும் பிரசவ அறைக்கும் நடுவில் ஒரு காவலாளி நிற்கிறார் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் 7-வது மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு, உங்கள் பரிசோதனை அட்டையில் துணைக்கு வருபவரின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். முந்தைய பிரசவத்தில் பயந்துபோனவர் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த முதுகு ஊசி. ஊர் முழுக்க அதன் மேல்தான் பழி. மயக்க ஊசி போட்ட இடம் சில நாட்கள் வலிக்கும். சிலருக்கு முதல் வாரத்தில் தலைவலி வரும், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். வருடக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் தளர்ந்த வயிற்றுத் தசைகள், கூன் போட்டு உட்கார்ந்து பால் கொடுப்பது, இடுப்பில் பிள்ளையோடு தண்ணீர்க் குடம், ஓய்வின்மை ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். சுவரில் முதுகைச் சாய்த்து, மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பால் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயிற்றுத் தசைக்கான பயிற்சியைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது, சிறுநீர் அடக்க முடியாமை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.